மச்சான் கடைத் தராசு

புத்தம் புதிய சிவப்புப் பெட்டியைப் பழைய இரும்புக் கடைத் தராசின்மேல் ஏற்றிவிட்டு மூச்சு வாங்கினார் தங்கராசு. ஒரு பக்கம் உடைந்த சைக்கிள்கள், மறுபக்கம் பழைய பேப்பர் கட்டுகள்.

“எவ்ளோ வருது மச்சான்?”

“பத்தொம்போது” என்றான் கடைக்காரன் ஜெயப்பிரகாஷ். “நல்ல பொட்டி மாமா. வேணாம்னா சொல்லுங்க, கிலோ பத்து ரூவான்னு நானே எடுத்துக்கறேன்.”

“வாயக் கழுவு. ஜெர்மனி போற பொட்டிடா அது” என்றாள் அவனுடைய அக்காவும் தங்கராசுவின் மனைவியுமான தில்லையம்மாள்.

காலையில் சிதம்பரத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பிய வேன், வழியில் கடலூர் முதுநகரில் மச்சான் கடை வாசலில் நின்றிருந்தது. மகள் இலக்கியாவின் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு வரப் புறப்பட்டிருந்தார்கள் இருவரும். பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் கூடாது என்று மகள் தினமும் போனில் எச்சரித்திருந்தாள்.

“அப்ப இன்னும் நாலு கிலோ போடலாம்?” தில்லையம்மாளின் முகம் மலர்ந்தது. வேனுக்குப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து வந்தாள். பிரித்தால், உள்ளே இரும்பு தோசைக்கல்.

“அத வூட்லயே வெச்சிட்டு வரச் சொன்னனே?” என்றார் தங்கராசு.

“எம்பொண்ணு ஆசயா கேட்டா. அங்க வாங்குன கல்லுல தோச பிஞ்சி பிஞ்சி வருதாம். இது நான் வருசக்கணக்கா பழக்குன கல்லு. இது இல்லாம நான் ஏரோப்ளேன் ஏற மாட்டேன்.”

தோசைக்கல் பெட்டிக்குள் போனது. அதன்மேல் வடகம் போனது. அவர்களுடைய இன்னொரு பெட்டியான நீலப் பெட்டியிலும் இடம் இருப்பதாகத் தராசு சொல்ல, இட்லிப் பொடியும் மிளகாய்த் தூளும் அதில் ஏறின. கடைசியில் இரண்டும் இருபத்து மூன்று காட்டின.

சிவப்புப் பெட்டியை வேனில் ஏற்றத் தூக்கிய தங்கராசு, அப்படியே கீழே வைத்தார்.

“மச்சான், இது இருவத்தி மூணு மாதிரி தெரியலியே. உள்ளாற இன்னொரு தராசு இருக்குதே, அதுல ஒரு வாட்டி வெச்சிப் பாக்கலாமா?”

“அது லாரிக்கு லோடு அனுப்பறதுக்கு மாமா. வூட்லேருந்து வர்ற சாமானுக்கெல்லாம் எப்பவும் இதான்.”

“உரமூட்ட தூக்குன தோளுடா இது. எனக்குத் தெரியாதா?”

“மூட்ட தூக்குனப்ப வயசு என்னா, இப்ப என்னா?” என்று குறுக்கே வந்தாள் தில்லையம்மாள். “என் தம்பி தராசு பொய் சொல்லுமா? போன வாரம் நம்ம பழைய கொல்ல மோட்டார இதுலதான எட போட்டு வெலைக்கு எடுத்துக்கினான். அப்பல்லாம் வாய மூடிக்கினுதான இருந்தீங்க?”

தங்கராசு இப்போதும் வாயை மூடிக்கொண்டார். தாய்வீட்டுத் தராசைச் சந்தேகப்பட்டுவிட்டு அவளுடன் மூன்று மாதம் வெளிநாட்டில் குடித்தனம் நடத்த முடியுமா?

ஜெயப்பிரகாஷும் வழியனுப்ப வேனில் ஏறிக்கொண்டான். புதுச்சேரி தாண்டும் வரை அக்காவும் தம்பியும் தோசையைப் பற்றியே பேசினார்கள். மாமாவுக்கு ஜெர்மனியில் பொழுது போகாவிட்டால் தோசைக் கடை போட்டுவிடலாம் என்று அவன் யோசனை வேறு சொன்னான்.

டிக்கெட் இல்லாததால் அவனை விமான நிலையத்துக்குள் விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டினான்.

உள்ளே, கவுன்ட்டரில் இருந்த பெண் முதலில் சிவப்புப் பெட்டியை வைக்கச் சொன்னாள். “இருபத்தேழு இருக்கும்மா. நாலு கிலோ எடுக்கணும்.” அடுத்து நீலப் பெட்டி. அதுவும் இருபத்தேழு.

“ஒங்க மிஷினு சரியில்லம்மா” என்றாள் தில்லையம்மாள். “எந்தம்பி கடையில எட போட்டுக்கினு வந்திருக்கோம்.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கவுன்ட்டரில் வைத்துக் காட்டினாள். அங்கேயும் இருபத்தேழு.

“தோசக்கல்ல எடுத்துடு தில்ல. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க.”

“உங்க துணிய எடுங்க.”

அவ்வளவுதான். பெட்டிகள் அங்கேயே திறக்கப்பட்டன. தோசைக்கல் அசையவில்லை, தங்கராசுவின் வேட்டி சட்டைகளும் குளிர் உடுப்புகளும்தான் வெளியே வந்தன. கொஞ்சம் தோள்பைக்குள் போனது. ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, அதன்மேல் மகள் அனுப்பியிருந்த குளிர் ஜாக்கெட் என்று மீதியெல்லாம் அவர் உடம்பில் ஏறியது. பெட்டிகள் இருபத்து மூன்றுக்கு இறங்கின. தில்லையம்மாளுக்கு உலகம் மறுபடி அழகானது.

ஏசியிலும் வியர்த்துக் கொட்ட, தங்கராசு மச்சானுக்குப் போன் போட்டார்.

வெளியே ஜெயப்பிரகாஷ் போனைக் காதில் வைத்து, கண்ணாடி வழியே மாமாவின் கோலத்தைப் பார்த்துச் சிரித்தான். “இன்னா மாமா, இப்பவே குளுருதா?”

“குளுரா? ரெண்டு பொட்டியும் நாலு நாலு கிலோ ஜாஸ்திடா. ரெண்டு மிஷினுல வெச்சிப் பாத்தாச்சி. ஒன் தராசுக்கு இன்னா ஆச்சி? போன வாரம் என் மோட்டார எட போட்டப்ப நல்லாதான இருந்திச்சி?”

ஜெயப்பிரகாஷின் சிரிப்பு நின்றது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி மெல்லத் திரும்பிக்கொண்டான்.

“அது வந்து... அது நான் வாங்குற தராசு மாமா.”