ஜெர்மன்காரியின் திருத்தம்

ஜெர்மன்காரி இன்றைக்கும் கரித்துக் கொட்டியிருந்தாள். பழைய ஜெர்மன் கடிதங்களைத் தொகுதி தொகுதியாகப் போடும் பதிப்பகத்திலிருந்து வந்த மெயிலைப் படித்து முடிப்பதற்குள் குற்றாலலிங்கத்துக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

‘பக்கம் 212. மூலக் கடிதத்தில் a எழுத்தின் தலையில் குட்டியாக ஒரு e உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் இரண்டு புள்ளி வைத்திருக்கிறீர்கள். முந்நூறு வருஷத்துக்கு முன் எழுதியவர் வைக்காத புள்ளியை வைக்க நீங்கள் யார்?’

தம்பானூரில் நாலாவது மாடியில் இருக்கும் அந்த டைப்செட்டிங் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக அவர் வைத்ததுதான் சட்டம். அவரிடமே ஒருத்தி கேள்வி கேட்கிறாள்.

“ஏ பிள்ளே, இங்க வா.”

ரெம்யா வந்து நின்றாள். பாறசாலையிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது.

“இந்த எழுத்தக் கெடுத்தது நீதான?”

“நான் ஒவ்வொண்ணா ஒழுங்காத்தான் வச்சேன் சாரே. நம்ம ஃபான்ட்ல அந்த எழுத்து இல்ல. அதுக்காவ லேட்டெக் சாஃப்ட்வேர்ல தனியா கமாண்ட் எழுதி, குட்டி e-ய மேல ஏத்தி வச்சேன். சாரல்லே லேட்டாவுதுன்னு சொல்லி, என் சிஸ்டத்துல இருந்து எல்லாத்தையும் ஒரே அடியா மாத்தினது?”

“வாய மூடு.”

அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. வேலை இழுக்கிறதே என்று, நானூறு பக்கத்திலும் இருந்த குட்டி e-யை ஒரே தட்டில் இரண்டு புள்ளியாக மாற்றியவர் அவர்தான். இந்தக் காலத்து ஜெர்மனில் அப்படித்தானே எழுதுகிறார்கள், எவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறான் என்று நினைத்தார்.

திருப்பி மாற்றவும் வழியில்லை. சில கடிதங்களில் நிஜமாகவே புள்ளிகள் இருந்தன. எது அசல், எது அவர் வைத்தது என்று இனி பக்கம் பக்கமாக உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு.

பதிப்பகத்தில் புதிதாக ஒரு மேடம் மெய்ப்புப் பார்க்கிறார் என்று சொன்னார்கள். அன்று பிடித்த சனி. மெயிலில் பெயர்கூடப் போடமாட்டாள், ‘மெய்ப்புப் பிரிவு’ என்று மொட்டையாக முடிப்பாள். மூன்று வாரமாகத் தினமும் அர்ச்சனை. ஊர்ப் பெண்களெல்லாம் தெருவில் பொங்கல் வைக்கும் ஆற்றுகால் பொங்காலையன்று ஒருநாள் மட்டும் ஒரு வரிகூட வரவில்லை. பகவதி அவளுக்கும் கொஞ்சம் நல்ல புத்தி கொடுத்தாள் என்று, அன்று மதியம் குற்றாலலிங்கம் நிம்மதியாகத் தூங்கினார்.

இன்றைய மெயிலின் கடைசி வரிகளை அவர் இரண்டு தடவை படித்தார். ‘இதற்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் தெரிவியுங்கள். மூன்று மணிக்கு ஃபோனில் பேசுகிறோம். அடுத்த தொகுதிகளை உங்களிடம் தருவதா என்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.’

முதலாளி பத்மகுமார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “லிங்கம், இந்த ஜெர்மன் வேலை கைவிட்டுப் போச்சுன்னா பாதி ஆபீச அடைச்சுப் பூட்டணும், கேட்டோ. யாரு பண்ணினது?”

“இவதான் சார்.” யோசிக்கக்கூட இல்லை.

“பொய் சாரே!” ரெம்யாவின் குரல் உடைந்தது. “சார் நெஞ்சுல கை வச்சு சொல்லுங்க.”

“நேத்து வந்தவ எனக்கு நெஞ்சப் பத்திப் பாடம் எடுக்கியா? பைய எடுத்துட்டுக் கெளம்பு.”

பத்மகுமார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பதினெட்டு வருஷத்து ஆளை விட்டுவிட்டு நாலு மாதத்துப் பெண்ணை எப்படி நம்புவது? “அவங்க கூப்பிட்டுப் பேசி முடியட்டும். அதுவரை இங்கதான் நிக்கணும்” என்றார் அவளிடம்.

குற்றாலலிங்கத்துக்கு இது புதிதில்லை. போன வருஷம் முதல் தொகுதியிலும் இதே அவசரம், இதே வேலை. அப்போது பழி விழுந்தது கிழக்கேகோட்டை அக்கிரகாரத்துப் பெண் ஸ்ரீலட்சுமியின் தலையில். “மாத்தினது நீங்கதானே சார், ஏன் பேசாம இருக்கேள்?” என்று கடைசி நாளில் அழுதாள். அவர் எழுதிய கடிதத்தில் ஜெர்மன்காரர்கள் சமாதானமானார்கள். ஊரில் வேறெந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. அதற்கு அவர் என்ன செய்வார்?

அந்தப் பழைய கடிதம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. திறந்தார். பெயரை மட்டும் மாற்றினார்.

‘எங்கள் ஊழியர் ரெம்யா, எங்களுக்குத் தெரியாமல், அலட்சியத்தால் எழுத்துகளை மாற்றிவிட்டார். அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.’

அனுப்பிவிட்டு டீ குடித்தார். டீ நன்றாகவே இருந்தது.

சரியாக மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது. பத்மகுமார் ஸ்பீக்கரைப் போட்டார். ரெம்யா பையை நெஞ்சோடு அணைத்தபடி சுவரோரம் நின்றாள். குற்றாலலிங்கம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னிடமிருந்த ஆங்கிலத்திலேயே நல்ல ஆங்கிலத்தை எடுத்துவிட்டார். “வணக்கம் மேடம். கடிதம் கிடைத்திருக்கும். தவறு செய்தவரை உடனே வெளியேற்றிவிட்டோம். இனி இப்படி நடக்காது.”

பத்மகுமார் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினார்.

மறுமுனையிலிருந்து குரல் தமிழில் வந்தது.

“போன வருஷம் என்னைப் பத்தியும் இதே லெட்டரைத்தானே சார் எழுதினேள்?”