பிளாக்பெரி பூத்திருக்கிறது

ரொறன்ரோ வீட்டின் பின்வளவில் யோகமலரின் மகள் துவாரகா நட்ட பிளாக்பெரிக் கொடி நின்றது. அது பழுக்கும் நாட்களில் மட்டுமே துவாரகா வன்கூவரிலிருந்து வருவாள். மற்ற நாட்களில் யோகமலர் தனியாகத்தான் இருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் கம்பளி போர்த்தியும் கொடி தப்பவில்லை. பனி கரைந்ததும் தண்டுகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். எங்கும் பச்சை இல்லை. பிறகு வேரிலிருந்து புதிய தளிர்கள் வந்தன.

“இது அடுத்த வருசம்தான் காய்க்கும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பட்ட தண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தபோது துவாரகா அழைத்தாள்.

“லீவு கேக்கோணும் அம்மா. இந்த முறை பழம் வருமே?”

யோகமலர் கத்தரியைக் கீழே வைத்தாள்.

“கிளை தெரியாமப் பூத்திருக்கு பிள்ளை. நீ வா” என்றாள்.