நான்கு பக்க விளக்கம்

‘2009 முதல் இரண்டு வருடம் சிறையில் இருந்ததாகச் சொல்பவர், வங்கியின் ஆங்கிலச் சான்றிதழின்படி 2010இல் அங்கே வேலை பார்த்திருக்கிறார். ஆகவே பொய்.’

இப்படி எழுதித்தான் நைரோபியில் என் அகதி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

வக்கீல் முலுகேத்தாவும் என்னைப் போல எத்தியோப்பியாக்காரர். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏய்யா லெமா, நம்ம ஊர்க் கணக்கு எட்டு வருஷம் பின்னாடி ஓடுதுன்னு சொல்லலையா? நம்ம 2009 அவங்களுக்கு 2017. பேங்க் வேலைக்கு அப்புறம்தானே ஜெயிலு?”

“பழக்கத்துல சொல்லிட்டேன்ணே. திருப்பி அனுப்புனா மறுபடி உள்ள தள்ளிடுவாங்க.”

“நான் இருக்கேன்ல.”

இரண்டு காலண்டருக்கும் உள்ள வித்தியாசத்தை நான்கு பக்கம் விளக்கி மேல்முறையீடு எழுதினார். என்னிடம் கையெழுத்து வாங்கி, தேதியைத் தானே போட்டார்.

“இனிமே பச்சப்புள்ளைக்கும் புரியும்.”

நேற்று பதில் வந்தது.

‘தீர்ப்பு 2023இல் வந்தது. மேல்முறையீட்டில் உள்ள தேதி 2015. வராத தீர்ப்பை எதிர்த்து முறையிட முடியாது. நிராகரிக்கப்படுகிறது. இதுவே இறுதி முடிவு.’

முலுகேத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

எங்கள் ஊர்த் தேவாலயம் அனுப்பிய காலண்டர் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.