வாசல்வரை

இந்த முறையும் படியிலேயே நின்றுவிட்டான்.

சபைப் போதகனான அவன், உள்ளே போக வேண்டும் என்றுதான் குருமனையிலிருந்து கிளம்பினான். தெருமுனை வரைக்கும் அந்த நினைப்பு இருந்தது.

வாடை வந்தது. நினைப்பு போனது.

டெட்டால். அதற்கு அடியில் இன்னொன்று. அழுகும் சதை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

கதவில் பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் தவசிமுத்து கிடந்தார். வாயில் புற்று. நாக்கை எடுத்துவிட்டார்கள். தாடையில் ஓட்டை. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆள் வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவார்.

இப்போது தட்டிக்கொண்டிருந்தார்.

டங். டங்.

அவன் குரலுக்குச் சபை முழுக்க எழுந்து நிற்கும், உட்காரும். ஒரு திரையை விலக்க அவனுக்குக் கை வரவில்லை.

போன தடவையும் இதே படிதான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே கண்ணை மூடி, வேகமாக ஜெபித்து, ஆமென் சொல்லித் திரும்பிவிட்டான். தெருவுக்கு வந்துதான் மூச்சு விட்டான்.

அடுத்து வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தான். தவசிமுத்துவின் மனைவி ஜெபக்கனி மட்டும் கையை நீட்டவில்லை.

"வாசல்ல நின்னே ஜெபிச்சிட்டுப் போய்ட்டியளே, ஐயா. ஆண்டவருக்குக் கேட்டிருக்கும். அவியளுக்குக் கேக்கலையே."

யாரோ பின்னால் சிரிப்பை அடக்கினார்கள்.

வாரம் முழுக்க அந்தச் சிரிப்பு அவன் காதில் இருந்தது. அவள் சொன்னது சரியா தப்பா என்று யோசிக்க அவன் துணியவில்லை.

அவள் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. அவனுக்குப் பிரசங்க பீடம் இருந்தது. அங்கே நின்று சொன்னால் யாரும் எழுந்து பதில் பேச முடியாது.

அடுத்த ஞாயிறு வேதத்திலிருந்து நூற்றுக்கு அதிபதியின், அந்த ரோமப் படைத்தலைவனின், கதையை எடுத்தான்.

அதிபதியின் வேலைக்காரன் சாகக் கிடக்கிறான். ஆண்டவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு வார்த்தை. வேலைக்காரன் பிழைத்துக்கொண்டான். விசுவாசம் இருந்தால் தூரம் ஒரு பொருட்டா?

கேட்டுவிட்டு ஜெபக்கனி இருந்த பெஞ்சைப் பார்த்தான். சபையும் திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதே பக்கத்தில், கொஞ்சம் மேலே, குஷ்டரோகியின் கதை இருக்கிறது. அங்கே ஆண்டவர் கையை நீட்டித் தொடுகிறார். பிரசங்கம் முடியும்வரை அவன் பெருவிரல் அந்த இடத்தின் மேலேயே இருந்தது.

"சரியான அடி, ஐயா." சபைச் செயலர் ரத்தினபாண்டி காப்பி டம்ளரை நீட்டினார். "இனி அந்தப் பொம்பள வாயத் தொறக்காது."

திறக்கவில்லை.

இன்று மத்தியானம் செய்தி வந்தது. தவசிமுத்துவுக்கு இன்றோ நாளையோ.

டங்.

ஜெபக்கனி தாழ்வாரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வேதப்புத்தகம். அவனைக் கண்டதும் எழுந்து முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் பதில் சொல்லலாம். பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

"உள்ள வர வேண்டாம், ஐயா. அங்கன இருந்தே சொல்லுங்க. போதும்."

குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தான்.

இல்லை.

"நீங்க பிரசங்கத்துல சொன்ன பொறவுதான் எனக்கே வெளங்கிச்சு. பக்கத்துல உக்காந்து உக்காந்து நான் என்னத்தக் கண்டேன்? அவிய மொகத்தப் பாத்தா அழுகதான் வருது, ஜெபம் வர மாட்டேங்கு. இப்பம் கஞ்சி ஊத்துனதும் வெளிய வந்துருவேன். இங்கன இருந்துதான் ஜெபிக்கேன். விசுவாசமா."

அப்போதுதான் முக்காலியைக் கவனித்தான்.

அது கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலி. போன தடவை வந்தபோது காற்றில் திரை விலகியது. அவள் அதில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கரண்டிச் சத்தம் கேட்கவில்லை.

டங். டங். டங்.

"தட்டிக்கிட்டேதான் கெடக்காவ," என்றாள். திரைப் பக்கம் பார்க்கவில்லை. "அன்னைக்கி ஞாயித்துக்கெழமையில இருந்து."

அவனுக்குப் பயம் வந்தது. வாடைக்குப் பயந்தது வேறு. அது தெருவுக்குப் போனால் சரியாகிவிடும். இது எந்தத் தெருவுக்குப் போனாலும் கூடவே வரும்.

அவள் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டாள். அவன் ஜெபத்துக்காகக் காத்திருந்தாள்.

குனிந்து ஷூ கயிற்றைப் பிடித்தான். ஒன்று அவிழ்ந்தது; அந்த ஷூவைக் கழற்றினான். இன்னொன்றில் முடிச்சு விழுந்துவிட்டது. இழுக்க இழுக்க இறுகியது.

உள்ளே சத்தம் நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

ஒரு கணம்தான். பிறகுதான் எதற்கு நிம்மதிப்பட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

குனிந்தவாக்கிலேயே காதைக் கொடுத்தான். கரண்டி தட்டவில்லை. மூச்சுச் சத்தம் போல ஏதோ ஒன்று. இல்லை, திரை அசைகிற சத்தம்.

ஜெபக்கனி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

அவளுக்குப் பின்னால் போய் முக்காலியைத் தூக்கினான். சத்தம் வராமல் தூக்கினான்.

ஒரு காலில் ஷூவோடு, திரையை விலக்கினான்.