பேட்டரி மாற்றும் முறை

“சார், சீக்கிரம் சார்! இப்போதான் நல்ல நினைவோட பேசுறார். ஆபரேஷனுக்குக் கொண்டு போயிட்டா அவ்வளவுதான்!” கையைப் பிசைந்தாள் அவள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கணவன். மில் மெஷினில் சிக்கிய வலது கைக்குத் தோள்வரை கட்டு. மெஷினின் பாதுகாப்பு மூடியை அவனே திமிரெடுத்துப்போய்க் கழற்றிவிட்டான் என்று மில் முழுக்கப் பேச்சு. யார் கழற்றச் சொன்னது என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டால் பழியும் போகும், வேலையும் தங்கும். அதற்காகத்தான் மில் ஆபீஸ் வாசலில் நின்று தொண்டை வற்றக் கத்தி, கேமராவோடு ஆளை வரவழைத்திருந்தாள்.

வந்தவர் மில்லின் பாதுகாப்பு அதிகாரி. பயிற்சி வீடியோவெல்லாம் அவர்தான் எடுப்பாராம். தங்கமான மனுஷன். வந்ததும் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“நடந்ததை நடந்தபடி சொல்லுப்பா.” சிவப்பு விளக்கு எரிந்தது.

கணவன் அவரையே முறைத்துப் பார்த்தான்.

“ஐயோ, கேமராவைப் பார்த்துப் பேசுங்க!” என்றாள்.

“மூடியைக் கழட்டினது நான்தான்...” மூச்சு வாங்கியது அவனுக்கு. “ஆனா...”

“ஒரு நிமிஷம். பேட்டரி போச்சு.”

அவள் பதறி எழுந்தாள். “வேற இல்லையா சார்?”

“இருக்கும்மா. இங்கே வெச்சு மாத்தக் கூடாது. ஆக்சிஜன் ஓடுது பாரு. பொறி கிறி பட்டா எல்லாரும் காலி.”

வராந்தாவுக்குப் போனார். பின்னாலேயே ஓடினாள். கேமராவை அணைத்தார். கை வேர்த்திருக்கிறது என்று கழுவப் போனார். விரல் விரலாகத் துடைத்தார். பழைய பேட்டரியைக் கழற்றி, அதற்கு ஒரு மூடி போட்டு, உறையில் வைத்தார். நிதானம் என்றால் அப்படியொரு நிதானம்!

“சார், உங்களைக் கும்பிடுறேன், போட்டுடுங்க சார்!”

“அவசரப்பட்டா ஆபத்தும்மா. ஈரக் கையால இந்தத் தகட்டைத் தொடக் கூடாது. சாவி, சில்லறை எது உரசினாலும் சூடேறிடும். இந்த அவசரம்தானே உன் வீட்டுக்காரர் கையைத் தின்னுச்சு?”

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பாதுகாப்பு தெரிந்தவர் சொல்கிறார் என்று வாயை மூடிக்கொண்டாள். மூடியைக் கழற்றச் சொன்னது மில்லில் இருக்கும் அந்தக் கடுகடு சூப்பர்வைசராகத்தான் இருக்கும். இன்றைக்கு அவன் சாயம் வெளுக்கட்டும் என்று மனதுக்குள் கறுவினாள்.

புது பேட்டரி ‘டிக்’கென்று உட்கார்ந்தபோது ஸ்ட்ரெச்சர் வந்தேவிட்டது.

“ஒரே ஒரு வார்த்தைம்மா, சொல்லிடட்டும்!” என்று கெஞ்சினாள்.

“டாக்டர் காத்திட்டிருக்கார். வழியை விடுங்க,” என்றாள் நர்ஸ்.

“கவலைப்படாதேம்மா. பேசினவரைக்கும் பதிவாகியிருக்கு. நானே ஆபீஸ்ல பத்திரமா ஒப்படைச்சுடுறேன்,” என்று அதிகாரி கேமராவைப் பையில் வைத்து மூடினார்.

அவள் ஸ்ட்ரெச்சரோடு ஓடினாள். “யாருங்க கழட்டச் சொன்னது? சூப்பர்வைசரா? என்கிட்டயாவது சொல்லுங்களேன்!”

இல்லையென்று தலையாட்டினான். இடது கையால் அவளை இழுத்தான்.

“போயும் போயும் அந்தாளையாடி கேமராவோட கூட்டிட்டு வந்தே? கழட்டச் சொன்னதே அவர்தான்!”