அமைதிச் சான்று

"பிறக்கப்போற குழந்தைக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது கிருபா" என்றான் ஜெயசீலன். சென்னையை விட்டு, அமைதிச் சான்று பெற்ற அந்தச் சிற்றூருக்குக் குடிபோனார்கள். அங்கே யாராவது குரலை உயர்த்தினால் தெருக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும், உடனே அபராதம்.

மகன் அகரனுக்கு நான்கு வயதானபோது, தீபாவளித் துணி எடுக்க தி.நகர் வந்தார்கள். கூட்டத்தில் அவன் கை நழுவிவிட்டது. கிருபா தொண்டை கிழியக் கத்தினாள். பதில் இல்லை.

கடைசியில் ஒரு போலீஸ்காரர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உங்களுக்குப் பின்னாடியேதாம்மா நின்னான். ஏன்டா தம்பி, அம்மான்னு ஒரு சத்தம் குடுக்க வேணாமா?"

அகரனின் கன்னமெல்லாம் கண்ணீர். உதடு அசைந்தது. கிருபா அவன் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"கூப்பிட்டுக்கிட்டேதாம்மா இருந்தேன்."