பதினெட்டு நாள்

பழைய அமெரிக்கப் படைப்பதிவேடுகளைப் படித்துக் கணினியில் ஏற்றுவதுதான் நாகர்கோவில் அலுவலகத்தில் பிரீனாவுக்கு வேலை. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படையில் இருந்த தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அறிய, எண்பது வயது மார்த்தா வீடியோ அழைப்பில் காத்திருந்தார்.

பிரீனா மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரனிடம் திரும்பினாள். "ஊர்ல அவருக்குச் சிலையே இருக்காம், விபின். இதுல ஓடிப்போனாருன்னுல்லா கெடக்கு!"

"கடைசிவர நின்னாருன்னு சொல்லிரு மக்கா. நூத்தறுவது வருசமாச்சி, யாரு பாக்கப் போறா?"

மைக்கைப் போட்டாள். பொய் வரவில்லை.

"மன்னிக்கணும் மேடம். 1863 அக்டோபரில் அவர் படையை விட்டு ஓடியிருக்கிறார். பதினெட்டு நாள் கழித்து, வீட்டில் ஒளிந்திருந்தவரை நள்ளிரவில் பிடித்திருக்கிறார்கள்."

"வீட்டிலா? நன்றாகப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

மார்த்தா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிரீனா பதறிப்போனாள். "நாங்கள் யாரிடமும் சொல்லமாட்டோம், மேடம்."

"நான் ஊரைக் கூட்டிச் சொல்வேன்! போர் முடியும்வரை முனையை விட்டு அசையவே இல்லை என்று சாகும்வரை பீற்றிக்கொண்டவர் அவர். என் தாத்தா பிறந்தது 1864 ஜூலையில். யாருக்குப் பெற்றாய் என்று கொள்ளுப்பாட்டியை ஊரே காறித் துப்பியது. பக்கத்தில் நின்ற அந்த வீரர் வாயைத் திறக்கவே இல்லை."